உள்ளே நிற்பது ஒருவர்தானா?

அட்டையைத் தேய்த்தால் கதவு திறக்கும் அலுவலகங்களில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஓட்டை உண்டு. முன்னால் போகிறவர் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கிறார். பின்னால் ஒருவர் இரண்டு கையிலும் பெட்டியோடு வருகிறார். அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த யாருக்கு மனசு வரும்? பிடித்துக்கொண்டு நிற்கிறோம், "தேங்க்ஸ் சார்" என்றபடி அவரும் உள்ளே போய்விடுகிறார். பாதுகாப்புத் துறையில் இதற்கு டெயில்கேட்டிங் என்று பெயர். அட்டைக்குப் பதில் கைரேகை வைத்தாலும் கருவிழி வைத்தாலும் கதை மாறாது. வந்தவர் யார் என்று பூட்டு கேட்கும். திறந்த பிறகு எத்தனை பேர் போனார்கள் என்பது அதற்குத் தெரியாது.

பெரும்பாலான அலுவலகங்களில் இதனால் குடி முழுகிவிடாது. டேட்டா சென்டரில் அப்படி விட முடியாது. சென்னை கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர். 2020-ல் அந்தமானுக்குத் தொடங்கிவைக்கப்பட்ட கேபிளும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் எழுந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே கூடத்தில் பல நிறுவனங்களின் சர்வர்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. கணக்கில் வராத ஓர் ஆளுக்கு அங்கே இரண்டு நிமிடம் தனிமை கிடைத்தால் போதும், ஒரு ஹார்ட் டிஸ்க்கை உருவிக்கொண்டு போய்விடலாம். அதனால் வெளிக்கதவுக்கும் சர்வர் கூடத்துக்கும் நடுவே ஒரு சின்ன அறை கட்டுகிறார்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை மேன்ட்ராப் என்பார்கள். அறைக்கு இரண்டு கதவு. ஒன்று முழுதாகச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். அட்டை காட்டி முதல் கதவுக்குள் போக வேண்டும், அது பின்னால் மூட வேண்டும், உள்ளே விரலை வைக்க வேண்டும், அப்புறம்தான் இரண்டாம் கதவு. யோசனை பழையது. சிறைச்சாலை வாசல்களில் இருப்பது இதுதான். இத்தாலியில் பல வங்கிகளின் வாசலில் ஆளுயரக் கண்ணாடிக் கூண்டாக நிற்பதும் இதுதான். மருந்துத் தொழிற்சாலைகளில் ஆளுக்குப் பதில் தூசியைத் தடுக்க இதே ஏற்பாட்டைச் செய்கிறார்கள்.

இரட்டைக் கதவு வந்ததாலேயே ஓட்டை அடைபட்டுவிடாது. இருவரும் சேர்ந்தே அறைக்குள் நுழைந்துவிட்டால்? உள்ளே நிற்பது ஒருவர்தான் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். காவலரை மானிட்டர் முன்னால் உட்காரவைக்கலாம். நாள் முழுக்க ஒரே காட்சியைப் பார்க்கும் கண் எவ்வளவு நேரம் கவனமாக இருக்கும்? ஆகவே கேமராவிடம் அந்த வேலை போகிறது. ஒரு குழந்தைகூடச் செய்யும் எண்ணிக்கை, கணினிக்கு என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் இருக்கிறது. ஆனால் அதைத் தீர்ப்பதில் மென்பொருளுக்கு இருக்கும் பங்கை நாம் மிகையாக நினைத்துக்கொள்கிறோம் என்பது என் எண்ணம். பாதிக்கு மேல் அது கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் கதவு பொருத்துபவரும் செய்யும் வேலை.

இந்தக் கேமராவுக்கு வைக்கப்படும் கேள்வி மிகவும் குறுகலானது. வந்தவர் யார் என்று அது சொல்ல வேண்டாம். அதற்கு அட்டையும் விரலும் இருக்கின்றன. அறை காலி, ஒருவர், ஒருவருக்கு மேல் ஆகிய மூன்றில் எது என்று சொன்னால் போதும். தெருமுனைக் கேமராவின் பாடு வேறு. மழை, வெயில், தூரம், கூட்டம், குறுக்கே வரும் மாடு என்று எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொண்டாக வேண்டும். மேன்ட்ராப்பில் தரை நம்முடையது, கூரை நம்முடையது, விளக்கு நம்முடையது. உலகத்தையே தன் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கேமராப் பொறியாளருக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். கட்டடம் எழுந்து, டைல்ஸ் பதித்து, கண்ணாடி மாட்டிய பிறகு "இங்கே ஒரு கேமரா வையுங்கள்" என்று அவரைக் கூப்பிட்டால் அந்த வாய்ப்பு வீண்தான்.

கேமராவுக்கு முன்னால் எடை பார்க்கும் தரை இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. ஒருவரின் எடையைப் பதிந்துவைத்து, உள்ளே நிற்கும் எடையோடு ஒப்பிடுவது. கருவிப் பையோடு வருகிற 60 கிலோ ஆள் 80 கிலோ ஆகிவிடுவார் என்பது ஒரு சங்கடம். பதிவே இல்லாமல் பொதுவான வரம்பு வைத்தால் இன்னும் மோசம்: ஒல்லியான இருவரின் எடை, பருத்த ஒருவரின் எடைக்குள் அடங்கிவிடும். எடைக்கு வடிவம் கிடையாது. அதனால் அது துணைச் சாட்சியாக இருக்கலாம், தனியாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கேமராவை எங்கே வைப்பது? நாம் பழகிய கோணம் எதிரே, முகத்தைப் பார்ப்பது. எண்ணுவதற்கு அது உதவாது. முன்னால் நிற்பவர் பின்னால் ஒட்டி நிற்பவரை மறைத்துவிடுவார். கூரையின் நடுவிலிருந்து நேர்கீழே பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டு தலை ஒரே இடத்தில் இருக்க முடியாது.

இங்கே ஒரு கணக்கு பலரையும் ஏமாற்றும். கூரை 2.7 மீட்டர் உயரம், அதாவது சுமார் 9 அடி. லென்ஸ் 90 பாகைக் கோணம் பார்க்கும். தரையில் 5.4 மீட்டர் அகலம் தெரிகிறது. இவ்வளவு சின்ன அறைக்கு இது தாராளம் என்று வரைபடத்தில் எழுதிவிடுவார்கள். ஆனால் நாம் எண்ணப்போவது தரையை அல்ல, தலையை. 1.8 மீட்டர் உயரமுள்ளவரின் உச்சந்தலை கேமராவுக்கு வெறும் 0.9 மீட்டர் கீழே இருக்கிறது. அந்த மட்டத்தில் தெரியும் அகலம் 1.8 மீட்டர்தான். கூரை 2.4 மீட்டராகத் தாழ்ந்தால் அது 1.2 மீட்டர் ஆகிவிடும். அறை 1.5 மீட்டர் அகலமானால், சுவரை ஒட்டி நிற்கும் உயரமான மனிதருக்குக் கால் தெரியும், தலை தெரியாது. மின்குழாய்களை மறைக்க ஃபால்ஸ் சீலிங்கை அரை அடி இறக்குவது கட்டடக்காரர்களுக்குச் சாதாரணம். இந்த அறையில் அந்த அரை அடிதான் ஆளை ஒளித்துவைக்கும் இடம்.

இன்னொன்றும் உண்டு. கேமரா ஒரு புள்ளியிலிருந்து பார்ப்பதால், நேர் கீழே நிற்காத ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் ஒரு குருட்டு நிழலை விழவைக்கிறார். 3 மீட்டர் அகலமுள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 1.8 மீட்டர் உயரமுள்ளவர் நிற்கிறார். அவர் தலையைத் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு அரை மீட்டர் கழித்துச் சுவரைத் தொடும்போது 1.35 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே, அவருக்கும் சுவருக்கும் இடையில் குந்தி உட்கார்ந்திருப்பவரைக் கேமரா பார்க்கவே முடியாது. எவ்வளவு உயர்ந்த மென்பொருளானாலும் படத்தில் இல்லாத ஆளை எண்ண வழியில்லை. இப்போது அறையை 1.5 மீட்டராகக் குறுக்குங்கள். அவர் நடுவிலிருந்து அரை மீட்டர்தான் தள்ளி நிற்க முடியும். பின்னால் சுவர்வரை கால் மீட்டர்தான் மிஞ்சும், அதிலும் அவர் முதுகு பாதியை எடுத்துக்கொள்ளும். நிழல் அப்போதும் இருக்கிறது, ஆனால் அதில் ஒளிந்துகொள்ள ஆளுக்கு இடமில்லை. மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றாமல் சுவரை நகர்த்தியே ஒரு பெரிய தவறை ஒழித்துவிடலாம்.

அப்படியானால் டெலிபோன் பூத் மாதிரி இன்னும் குறுக்கிவிடலாமே? முடியாது. சக்கர நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும் என்பது கட்டட வடிவமைப்பில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இரண்டு கதவு அடுத்தடுத்து வரும் இடங்களுக்கு அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதி இன்னொரு கணக்கு சொல்கிறது: கதவு உள்பக்கமாகத் திறந்தால் அந்தக் கதவின் அகலத்தோடு இன்னும் 48 அங்குலம், அதாவது சுமார் 1.22 மீட்டர், இடைவெளி இருக்க வேண்டும். ஆகவே இழுவைக் கதவு அல்லது வெளிப்பக்கம் திறக்கும் கதவு வைத்தால் அறையின் நீளம் மிச்சம். அப்படியும் அறை கொஞ்சம் நீளமாகத்தான் அமையும். நீளவாட்டில் இரண்டு கேமரா வைத்து, ஒன்றின் குருட்டு நிழலை மற்றது பார்க்கும்படி செய்வதுதான் நியாயமான வழி. செலவு கூடுகிறது என்று ஒரு கேமராவை வெட்டுகிறவர்கள், சக்கர நாற்காலியையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள்.

இனி, கேமரா எதைப் பார்க்கிறது? சாதாரண வண்ணக் கேமரா வைத்து, காலி அறையின் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறியிருப்பதை எல்லாம் ஆள் என்று கொள்வது பழைய முறை. 1999-ல் ஸ்டாஃபர், கிரிம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் செம்மைப்படுத்தினார்கள். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரே ஒரு பின்னணி நிறம் என்று வைக்காமல், வழக்கமாக அங்கே தோன்றும் பல நிறங்களின் கலவையை வைத்துக்கொண்டார்கள். ஆடும் மரக்கிளை, மெல்ல மாறும் வெளிச்சம் எல்லாம் பின்னணியாகவே கரைந்துபோயின. பல ஆண்டுகள் கண்காணிப்புக் கேமராக்களின் முதுகெலும்பாக இருந்த முறை அது. ஆனால் மேன்ட்ராப்பில் அது தடுமாறும். ஆளோடு அவர் நிழலும் உள்ளே வருகிறது. தரையின் நிறத்திலேயே சட்டை போட்டவர் பாதி காணாமல் போகிறார். அசையாமல் நீண்ட நேரம் நிற்பவரை மென்பொருள் மெல்ல மெல்லப் பின்னணியாகவே பழகிக்கொள்கிறது. காத்திருக்கத் தெரிந்த திருடனுக்கு அது நல்ல செய்தி.

நிறத்தை விட்டுவிட்டு உயரத்தை அளந்தால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நிழலுக்கு உயரமில்லை. தரையோடு நிறம் ஒத்துப்போனாலும் தலை தரையில் இல்லை. உயரத்தை அளக்க இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன.

ஒன்று, நம் இரண்டு கண்கள் செய்வது. அடுத்தடுத்து இரண்டு லென்ஸ்கள். ஒரே பொருள் இரண்டு படங்களிலும் சற்று இடம் மாறி விழும். அருகில் இருப்பது அதிகம் மாறும், தொலைவில் இருப்பது குறைவாக. லென்ஸ்களுக்கு நடுவே 10 சென்டிமீட்டர், குவிய நீளம் 600 படப்புள்ளிகளுக்குச் சமம் என்றால், 1 மீட்டர் கீழே இருக்கும் தலை இரு படங்களிலும் 60 புள்ளிகள் விலகித் தெரியும், 2.7 மீட்டர் கீழே இருக்கும் தரை 22 புள்ளிகள்தான் விலகும். விலகலைக் கால் புள்ளித் துல்லியத்தில் அளக்க முடிந்தால் தலை மட்டத்தில் வரும் பிழை அரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். தரை மட்டத்தில் சுமார் 3 சென்டிமீட்டர். தூரம் கூடக் கூடப் பிழை அதன் இருமடியாக வளர்வதுதான் காரணம். நல்ல வேளையாக நமக்குத் துல்லியம் தேவைப்படுவது தலைகளிடம்தான்.

இன்னொன்று, ஒளியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை அளப்பது. ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் போகும். 1 மீட்டர் கீழே இருக்கும் தலைக்குப் போய்த் திரும்ப 7 நானோ விநாடிகூட ஆகாது; 1 சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பிரித்தறிய 67 பிக்கோ விநாடி அளவில் நேரம் பார்க்க வேண்டும். இதை நேரடியாகக் கடிகாரம் வைத்து அளப்பது சிரமம் என்பதால், பல கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வேகமாக ஏற்றி இறக்கி அனுப்புகின்றன. திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுக் கருவியோடு வந்த கினெக்ட் கேமரா இந்த வகைதான். விளையாட்டுக்காகப் பெருவாரியாகத் தயாரானதால் விலை இறங்கி, ஆய்வுக்கூடங்களுக்கும் இந்த வகைக் கேமரா எளிதாகக் கிடைத்தது.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அறையின் மேற்பரப்புகள் குறுக்கே வரும். இரட்டை லென்ஸுக்கு இரு படங்களிலும் ஒரே புள்ளியை அடையாளம் காண ஏதாவது பிடிமானம் வேண்டும். வெள்ளைவெளேரென்ற வெறும் தரை அதற்குப் பாலைவனம். பொடிப்பொடியான ஒழுங்கற்ற புள்ளிகள் கொண்ட, பளபளப்பில்லாத தரை பிடிக்கும். நம்மூரில் கௌரவமான நுழைவாயில் என்றால் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய கிரானைட். கேமராவுக்கு இதைவிடக் கெட்ட தரை இல்லை. மேலே நிற்பவர் கீழே தலைகீழாக இன்னொருவராகத் தெரிவார். ஒளி அனுப்பும் கேமராவிலோ, கதிர் சுவரில் பட்டுத் தரைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வரும். நீண்ட வழியில் வந்ததால் அந்த இடம் உள்ளதைவிடப் பள்ளமாகக் காட்டும். மூலைகள் இதனால் வளைந்து தெரியும்.

பிரதிபலிப்புக்கு வடிவியல் ஓர் அழகான மருந்து தருகிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பம், பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் பின்னால் இருப்பதுபோலத் தோன்றும். இரட்டை லென்ஸ் அதை அப்படியே நம்பி அளக்கிறது. ஆகவே தரையில் தெரியும் போலி மனிதர் தரைக்குக் கீழே இருக்கிறார். சுவரில் தெரியும் போலி மனிதர் சுவருக்கு அப்பால் இருக்கிறார். அறையின் நீள அகல உயரத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அந்தப் பெட்டிக்கு வெளியே விழும் எதையும் தள்ளிவிடச் சொன்னால் போதும். வெளியே வரிசையில் நிற்பவர்களையும் இதே பெட்டி தள்ளிவிடும். கதவு கண்ணாடியாக இருந்தால் நாம் மேலே பார்த்த கேமரா அதன் வழியே இரண்டு மீட்டர்வரை எட்டிப் பார்க்கும் என்பதால் இது முக்கியம். வண்ணப்படத்தை மட்டும் நம்பும் அமைப்புக்கு இந்தத் தப்பிக்கும் வழி இல்லை.

வெயிலும் ஒரு பகைவன். மேற்கு பார்த்த கண்ணாடிக் கதவு இருந்தால் மாலை நாலு மணிக்கு அறைக்குள் ஒரு வெயில் பட்டை விழும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம் இருப்பதால், கேமரா அனுப்பிய கொஞ்ச ஒளி அதில் மூழ்கிப்போகும். 940 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சூரிய ஒளியைக் காற்றிலுள்ள நீராவி கணிசமாக உறிஞ்சிக்கொள்வதால், பல கேமராக்கள் அந்த அலைநீளத்தைத் தேர்ந்துகொள்கின்றன. அதைவிடச் சுலபமான வழி, மேன்ட்ராப்பை வெளிச்சுவரில் வைக்காமல் கட்டடத்துக்குள் தள்ளி வைப்பது. இதையும் கட்டடக்கலைஞர்தான் செய்ய வேண்டும்.

கருப்பு முடி இன்னொரு சிக்கல். அனுப்பிய ஒளியில் அது கொஞ்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. உயரப் படத்தில் சரியாக உச்சந்தலையில் ஓட்டை விழும். கூரைக் கேமரா பார்ப்பதே உச்சந்தலையைத்தான். வெளிநாட்டில் பல நிற முடிகளோடு சோதித்துத் தேறிய கருவி, எல்லாத் தலையும் கருப்பாக இருக்கும் ஊரிலும் அப்படியே தேறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உயரப் படம் கையில் வந்தாயிற்று. மலைத்தொடரின் வரைபடம் போல அதில் சிகரங்கள் தெரியும். ஒவ்வொரு சிகரமும் ஒரு தலை, அதைச் சுற்றிச் சற்றுத் தாழ்வாகத் தோள் என்று எண்ணுவதுதான் அடிப்படை. சிக்கல் மனிதர்களிடமிருந்து வருகிறது. இருசக்கர வாகனத்தில் வருகிறவர் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு நுழைகிறார்: தலையின் அளவில், தலையின் வடிவத்தில், இடுப்புக்கு மேலே இன்னொரு சிகரம். முதுகுப்பை தோளை நீட்டிக் காட்டும். துப்புரவுப் பணியாளர் தள்ளிவரும் வண்டியில் நிமிர்ந்து நிற்கும் மாப் குச்சி ஒல்லியான ஆளைப்போலத் தெரியும். சக்கர நாற்காலியில் வருபவரின் தலை 1.3 மீட்டர் அளவில்தான் இருக்கும்; ஹெல்மெட்டைத் தவிர்ப்பதற்காக 1.4 மீட்டருக்குக் கீழே உள்ளதை எண்ணாதே என்று சொல்லிவைத்தால், அவருக்கு இந்த அறை காலி. குனிந்து வருகிறவனுக்கும் அதே சலுகை கிடைத்துவிடும்.

இருவர் இறுகக் கட்டிக்கொண்டால்? இரண்டு சிகரம் ஒன்றாகக் கலக்கலாம். அப்போது பரப்பளவும் கன அளவும் கைகொடுக்கும்: ஓர் ஆள் மேலிருந்து பார்க்க அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் இருவர் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. எடைத் தரையை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம் என்பது இதனால்தான். ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி வந்தால் சிகரம் ஒன்றுதான், ஆனால் இரண்டரை மீட்டர் உயரத்துக்கு நெருங்கும் மனிதரைச் சந்தேகிக்க மென்பொருளுக்கு ஒரே ஒரு வரி போதும். கைக்குழந்தையோடு வருவது ஒருவரா இருவரா என்பது மட்டும் கேமராவிடம் கேட்கக் கூடாத கேள்வி. நிர்வாகம் அதை முதலில் முடிவுசெய்து எழுதிவைக்க வேண்டும்.

இப்போதெல்லாம் இந்த விதிகளைக் கையால் எழுதாமல், ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி நரம்பணு வலையமைப்பைப் பழக்குகிறார்கள். ஆள் கண்டறிதலில் முன்பு பெரிய பாய்ச்சலாக இருந்தது 2005-ல் பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் டலால், டிரிக்ஸ் இருவரும் செய்த முறை. படத்தில் ஓரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை வைத்து நிமிர்ந்து நிற்கும் மனித உருவைப் பிடித்தார்கள். அதற்குப் பின் வந்தவை எவ்வளவோ மேல். ஆனாலும் பொதுவாகக் கிடைக்கும் பயிற்சிப் படங்களில் பெரும்பாலானவை எதிரிலிருந்து எடுத்தவை. உச்சந்தலையும் இரண்டு தோளும் இரண்டு ஷூ முனையுமாகத் தெரிகிற மனிதரை அந்த மென்பொருள் அதிகம் பார்த்ததில்லை. கூரைக் கோணத்தில் தனியாகப் படம் எடுத்துப் பழக்காமல், கடையில் வாங்கியதை அப்படியே மாட்டுவது ஆபத்து. வேறோர் ஆபத்தும் உண்டு. 2019-ல் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வண்ண அட்டையை அச்சடித்து வயிற்றருகே பிடித்துக்கொண்டு நின்றார்கள். யோலோ என்ற புகழ்பெற்ற கண்டறியும் மென்பொருளுக்கு அட்டை பிடித்தவர் ஆளாகவே தெரியவில்லை. பக்கத்தில் வெறுங்கையோடு நின்றவர் தெரிந்தார். வண்ணங்களை வைத்து முடிவெடுப்பதால் வண்ணங்களால் ஏமாறுகிறது. உயரப் படம் இந்த வித்தைக்கு மசியாது: அட்டையில் என்ன அச்சடித்தாலும் அது தட்டையான அட்டைதான். இரண்டு வகைத் தகவலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது.

எப்போது எண்ணுவது என்பதும் முக்கியம். முதல் கதவு திறந்திருக்கும்போது எண்ணினால் பயனில்லை. ஒருவர் என்று எண்ணி முடித்த அரை விநாடியில் இன்னொருவர் நுழையலாம். கதவு மூடி, பூட்டு விழுந்து, அதைக் கதவின் காந்தம் உறுதி செய்த பிறகு எண்ண வேண்டும். ஒரே படத்தை நம்பாமல் தொடர்ந்து பல படங்களில் ஒரே பதில் வர வேண்டும். உள்கதவு திறந்து அவர் போன பிறகு அறை காலி என்று மறுபடி பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூலையில் விட்டுப்போன பெட்டி அடுத்தவரின் கணக்கில் சேரும், அல்லது பெட்டிக்குள் ஒருவர் காத்திருப்பார். இத்தனைக்கும் நேரம் பிடிக்கும். ஒருவர் கடக்க 12 விநாடி என்று வைத்தால், ஷிஃப்ட் மாறும் வேளையில் 100 பேர் கடக்க 20 நிமிடம். வரிசை நீளும், பொறுமை குறையும், யாராவது உள்கதவுக்கு அடியில் அட்டைத்துண்டைச் செருகிவைப்பார்.

தவறே செய்யாத கேமரா இல்லை. எந்தப் பக்கம் தவறட்டும் என்றுதான் நாம் தேர்ந்துகொள்கிறோம். இருவரை ஒருவர் என்று சொல்வது ஒரு தவறு. ஒருவரை இருவர் என்று சொல்வது இன்னொன்று. பாதுகாப்புதான் முக்கியம் என்று முதல் தவறை முடிந்தவரை அழுத்தினால் இரண்டாவது பெருகும். ஒரு நாளைக்கு 600 முறை கடக்கிறார்கள், நூறில் ஒருமுறை வீண் சந்தேகம் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 6 பேர் கண்ணாடிக் கூண்டில் மாட்டிக்கொள்வார்கள். 25 வேலை நாளில் 150 பேர். உண்மையிலேயே கூட ஆளை அழைத்துவரும் முயற்சி மாதம் ஒன்று நடக்கிறது என்றால், காவலரின் மேசையில் அடிக்கும் 151 மணியில் ஒன்றுதான் நிஜம். மூன்றாம் வாரமே அவர் படத்தைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கப் பழகிவிடுவார். அந்த ஒன்றும் அந்தப் பழக்கத்திலேயே உள்ளே போய்விடும். வீண் சந்தேகத்தை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால் மாதம் 15 மணி. ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்க்க மனிதரால் முடியும். தரையை மங்கலாக்குவதும் ஹெல்மெட் வைக்க வெளியே ஓர் அலமாரி போடுவதும் இந்தக் கணக்கில்தான் பலன் தருகின்றன.

மாட்டிக்கொண்டவருக்கு என்ன வழி? உள்ளே பேசும் கருவி வேண்டும், வெளியே பதில் சொல்ல ஆள் வேண்டும். தீ என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாம் பட்சம். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது, ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக் கதவொன்று பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடாமல் பார்க்க வைத்த ஏற்பாடு. அந்த விபத்தில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். வெளியேறும் கதவு, தப்பிப்பவர் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்று இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. இத்தகைய அறைகளில் பரவலாக உள்ள மின்காந்தப் பூட்டு 270 அல்லது 540 கிலோ எடை அளவு விசையோடு கதவைப் பிடித்துவைக்கும். ஆனால் மின்சாரம் நின்ற கணமே விட்டுவிடும். தீ எச்சரிக்கை ஒலித்தால் அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும்படி இணைப்புக் கொடுக்க வேண்டும், அதுவும் கேமராவின் கணினி வழியாக இல்லாமல் நேரடிக் கம்பியில். இருவர் உள்ளே இருக்கிறார்கள் என்று மென்பொருள் தயங்கும் நேரத்தில் புகை தயங்காது. இதனால் தீ மணியை அடித்துவிட்டு உள்ளே நுழையும் தந்திரத்துக்கு இடம் கொடுத்ததாகிறதே என்று பாதுகாப்பு அதிகாரிகள் வாதிடுவதுண்டு. வாதம் சரிதான். உள்கூடத்தில் மனிதக் காவலை வைத்துத்தான் அதைச் சமாளிக்க வேண்டும். கதவை இறுக்கி அல்ல.

உயரப் படத்துக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: அதில் முகம் கிடையாது. தலைகளும் தோள்களும் சாம்பல் நிற மேடுகளாக மட்டும் தெரியும். 2023-ல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, தேவையில்லாத தகவலைச் சேர்க்காமலிருப்பது நிறுவனங்களுக்கே நிம்மதி. எண்ணிக்கைக்கு முகம் வேண்டாம் என்றால் எடுக்காமலே விடலாம்.

அறை தயாரானதும் சோதனை. விற்றவர் ஒருமுறை தானே நடந்து காட்டுவது சோதனையாகாது. அங்கேயே வேலை செய்பவர்களிடம், முடிந்தால் ஏமாற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். எந்த ஆய்வாளருக்கும் தோன்றாத வழிகள் அவர்களுக்குத் தோன்றும். முதுகோடு முதுகு ஒட்டி நடப்பார்கள், குடைக்குள் இருவர் வருவார்கள், தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் ஒருவர் சுருண்டு படுப்பார். புடவை, வேட்டி, புர்கா, மழைக்கோட்டு என்று எல்லா உடையிலும் நடந்து பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியை உண்மையில் அதைப் பயன்படுத்துகிறவரே ஓட்டிவர வேண்டும். மாலை வெயிலில் ஒருமுறை, ஜெனரேட்டருக்கு மாறி விளக்கு இமைக்கும் நேரத்தில் ஒருமுறை. கால்மிதியை மாற்றினாலும், விளக்கை மாற்றினாலும், மென்பொருளைப் புதுப்பித்தாலும் முழுச் சோதனையையும் திரும்ப நடத்த வேண்டியிருக்கும். அதற்கான நாளையும் செலவையும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.